நகலெடு, நகர்த்து

ஓடைக்கால் ஜங்ஷன் ரயில்வே காலனியில் ஐந்து மாதம் காக்கா கரையவில்லை, குக்கர் கூவவில்லை, ரயில் ஊதவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், அவர்களா அங்கே குடியிருந்தார்கள், நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள், அந்த நாற்பத்திரண்டு வீட்டிலும் போய்க் கேட்டால் முதலில் உட்காரச் சொல்வார்கள், அப்புறம் காபி போடுவார்கள், அப்புறம் பதினேழாம் நம்பர் வீட்டு ரெஜினாவின் பெயரைச் சொல்வார்கள். அவளைக் குற்றம் சொல்ல அந்தக் காலனியில் ஒருத்தருக்கும் வாய் வராது.

ரெஜினாவின் ஒரே பிள்ளை பெலிக்ஸ். அப்பா சவரிமுத்து லைன் பார்க்கிற வேலையில் தண்டவாளத்தில் நடந்தே ரிட்டையர் ஆனவர், பிள்ளை எஞ்சினில் ஏறி உட்கார்ந்தான். ஏழு நாற்பது பாசஞ்சரை வாரத்தில் மூன்று நாள் அவன்தான் ஓட்டிக்கொண்டு வருவான். டிரைவர்கள் எங்கே எப்படி ஊத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும், ஆனாலும் காலனிப் பக்கம் வரும்போது ஒரு குட்டை, ஒரு நெட்டை, நெட்டை முடிகிற இடத்தில் விட மனசில்லாத மாதிரி ஒரு சின்ன இழுப்பு, இப்படித்தான் ஊதுவான். அதற்கு அர்த்தம், அம்மா, அரை மணியில் வந்துடுவேன், குளிக்கச் சுடுதண்ணி வை. மற்ற டிரைவர்கள் ஊதினால் ரயில் போகிறது என்பார்கள் காலனியில், இவன் ஊதினால் மட்டும் ரெஜினா வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தாச்சு என்பார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அவனுக்கு ரயில்தான். கைக்குள் அடங்கிவிடுகிற பொடி எஞ்சின்கள், ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம், முன்னறையில் ஒரு பழைய கதவைப் படுக்கப்போட்டு அதன்மேல் வட்டமாக ஒரு லைன், ஒரு ஸ்டேஷன், தீக்குச்சியில் செய்த கேட். எந்தப் பொடி எஞ்சினுக்கும் சத்தம் கிடையாது, ஓடும்போது மோட்டார் முனகுவதோடு சரி. சத்தம் கொடுக்கிற டிஜிட்டல் சில்லு ஒன்று இருக்கிறது, டீகோடர் என்பார்கள், வரவழைக்கிறேன் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வரவழைக்கவும் செய்தான். தவக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கையில் மூளைக்காய்ச்சல் வந்தது, நாலே நாள், ஆள் இல்லை. இருபத்தெட்டு வயசு.

எட்டாம் நாள் கூரியர்க்காரன் வாசலில் வண்டியை நிறுத்தி, "பெலிக்ஸ் இருக்காரா?" என்று கேட்டான். ரெஜினா "இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

பொட்டலத்துக்குள் மூட்டைப்பூச்சி அளவுக்கு ஒரு சில்லு, அதிலிருந்து தலைமுடி மொத்தத்தில் கலர் கலராக ஒயர்கள், கூடவே கல்கண்டு அளவில் ஒரு ஸ்பீக்கர். கடைக்காரர் பெயர் தயாளன், கோயம்புத்தூர், போன் நம்பர் போட்டிருந்தது. அவள் கூப்பிட்டாள். செய்தியைக் கேட்ட தயாளன், பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிடுங்கம்மா, பணம் அனுப்பிடறேனுங்க என்றார்.

"திருப்பி அனுப்பக் கூப்பிடல தம்பி. இதை எஞ்சினுக்குள்ள எப்படி வைக்கிறது, அதைச் சொல்லுங்க."

"அம்மா, நீங்க இதுக்கு முன்னாடி சால்டரிங் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களாங்க?"

"இல்ல. இட்லிப் பானை ஓட்டைய எம்-சீல் வச்சு அடைச்சிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல மனசு. எஞ்சினின் மேல்கூட்டை எப்படி நகம் படாமல் கழற்றுவது, சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, மோட்டார் ஒயர் எஞ்சின் உடம்பில் பட்டால் சில்லு கருகிவிடும், ஸ்பீக்கரை அதன் குட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடாவிட்டால் கொசு கத்துகிற மாதிரிதான் கேட்கும் என்று வரிவரியாகச் சொன்னார். ரெஜினா காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டாள். முதல் சில்லு கருகியது. முதல் தடவை எல்லாருக்கும் ஒண்ணு கருகுமுங்க என்று சொல்லி இன்னொன்று அனுப்பிவைத்தார். சூடு பட்டு வலது கைக் கட்டைவிரல் பொத்துப்போனது, கண்ணாடி போட்டும் பத்தாமல் பூதக்கண்ணாடி வாங்கினாள், ஸ்பீக்கருக்கு இடம் பத்தவில்லை என்று எஞ்சினுக்குள் எடைக்காக வைத்திருந்த ஈயக் கட்டியைச் சவரிமுத்துவின் அரத்தால் மூன்று நாள் ராவினாள். சவரிமுத்து அரத்தை எடுத்துக் கொடுத்தார். மகனைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அந்த மனுஷன் உப்பு வேணும், கதவைச் சாத்து, இந்த இரண்டைத் தவிர வேறு பேசி யாரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் எந்தச் சத்தத்தை ஏற்றலாம் என்று தயாளன் கேட்டார். அவரிடம் நூறு எஞ்சினின் சத்தம் இருந்தது. ரெஜினாவுக்கு நூறும் வேண்டாம். அவள் போனில் பத்தொன்பது நொடி ஒன்று இருந்தது, பெலிக்ஸ் ஊதுவதைத் தன் தங்கச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு நாள் காலை அடுப்படி ஜன்னலில் நின்று பதிவு பண்ணியது, அனுப்ப மறந்தது. வேறு எங்கேயும் அவன் ஊதல் இல்லை.

போனையும் எஞ்சினையும் லேப்டாப்பில் மாட்டினாள். பெலிக்ஸ் அம்மாவுக்குப் புரியட்டும் என்று லேப்டாப் முழுக்கத் தமிழில் மாற்றி வைத்திருந்தான். பத்தொன்பது நொடியின்மேல் அழுத்தினால் ஒரு பட்டியல் விரிந்தது, அதில் நகலெடு என்று ஒன்று, அதற்குக் கீழேயே நகர்த்து என்று ஒன்று. பூதக்கண்ணாடி அடுப்படியில் இருந்தது, எழுந்து போக முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இரண்டும் 'நக'வில்தான் ஆரம்பிக்கிறது, கைக்கு வந்ததை அழுத்தினாள்.

"நகலெடுத்தீங்களா, நகர்த்துனீங்களாங்க?" என்று தயாளன் பிறகு கேட்டார்.

"அது என்ன தம்பி, ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்கம்மா. நகலெடுத்தா அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும். நகர்த்துனா அங்க இருக்காதுங்க."

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துப் பொத்தானைத் திருகினாள். எஞ்சின் நகர்ந்தது. முதலில் தெருவில் கீரைக்காரி காத்தாயி "கீரேய்" என்று இழுப்பது கேட்டது, அதன்மேலேயே பக்கத்து வீட்டு வேதவல்லியின் குக்கர் ஒரு விசில், ஒரு காக்கா, தடக் தடக் என்று சக்கரம், அப்புறம் குட்டை, நெட்டை, நெட்டையின் முடிவில் அந்த இழுப்பு. கல்கண்டு அளவு ஸ்பீக்கரில் அவள் பிள்ளை வந்தான். ரெஜினா கதவுப் பலகையின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று வராத அழுகை எல்லாம் வந்து, எஞ்சின் பதினாறு சுற்றுச் சுற்றும்வரை அழுதாள்.

மறுநாள் ஏழு நாற்பது பாசஞ்சர் சத்தமில்லாமல் போனது. காது அடைத்துக்கொண்டது என்று ஆளாளுக்குச் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தார்கள். அதை மணியாக வைத்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார்கள். பத்து மணி கூட்ஸ் ஐம்பத்தெட்டு பெட்டியோடு வந்தது, தரை அதிர்ந்தது, எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் ஆடின, ஆனால் சத்தம் என்று பார்த்தால் துணி காய்கிற சத்தம்கூட இல்லை. அவுட்டர் சிக்னல் தாண்டி வரும்வரை கேட்கும், காலனி தொடங்குகிற இடத்தில் நின்றுவிடும், கேட் தாண்டியதும் மறுபடி கேட்கும். மேலிடத்திலிருந்து இரண்டு பேர் ஒரு மீட்டரோடு வந்து மூன்று நாள் அளந்தார்கள், முள் நகரவில்லை, மீட்டரைத் தட்டிப் பார்த்தார்கள், தட்டிய சத்தத்துக்கு நகர்ந்தது. பகுதியில் ஓசை சற்றுக் குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேதவல்லி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ரயில் மட்டும் என்றால் பரவாயில்லை, குக்கர் வேறு. காலனியில் ஒரு குக்கரும் விசில் அடிக்கவில்லை. வெயிட் தூக்கும், ஆவி வரும், சத்தம் வராது. வேதவல்லி முதல் நாள் துவரம்பருப்பைக் கரியாக்கினாள், இரண்டாம் நாள் சோற்றைக் கஞ்சியாக்கினாள், மூன்றாம் நாள் தினசரித் தாளைக் கிழித்து ஒரு துண்டைக் குக்கருக்கு மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள், ஆவி வரும்போதெல்லாம் தாள் படபடத்தது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டு அடுப்புக்கு மேலேயும் தாள் தொங்கியது, கருணைக்கிழங்குக்கு எத்தனை படபடப்பு, கொண்டைக்கடலைக்கு எத்தனை என்று பெண்கள் வாசலுக்கு வாசல் கேட்டுக்கொண்டார்கள், அப்படியே பழகியும் போனது. நம் ஆட்களுக்குப் பழகாதது என்று ஒன்று உண்டா என்ன.

காக்காய்கள் வாயைத் திறந்து மூடின, அவ்வளவுதான். காக்கா கரைந்தால் விருந்தாள் வரும் என்று பார்த்துக்கொள்வார்கள் அல்லவா, இப்போது நாத்தனார்களும் சம்பந்திகளும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள், அரிசி ஊறப்போட நேரமில்லை. அமாவாசைக்கு மதில்மேல் சோறு வைத்துவிட்டு மனுஷர்கள் கா கா என்று கூப்பிட, காக்கா வந்து ஒரு பதிலும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனது, செத்த மாமனார் கோபமாக இருக்கிறாரோ என்று இரண்டு வீட்டில் பரிகாரம்கூடச் செய்தார்கள்.

காத்தாயி கதைதான் எல்லாவற்றையும் விடப் பாவம். அவளுக்குப் பேச்சு இருந்தது, சண்டை போட்டால் முன்னை மாதிரியே தெருக்கோடிவரை கேட்டது, கீரை என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. வாயைத் திறந்து இழுப்பாள், கழுத்து நரம்பு புடைக்கும், ஒன்றும் இராது. இரண்டு நாள் கூடையோடு வீட்டுக்குத் திரும்பினாள். மூன்றாம் நாள் "பச்சை, பச்சை" என்று கூவினாள், மிளகாய் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் அரை, முளை, சிறு, மணத்தக்காளி என்று முன்பாதியை மட்டும் சொன்னாள், பின்பாதியைக் காலனி தானாகச் சேர்த்துக்கொண்டது.

கேட்கீப்பர் லத்தீப் பாய் ரயில் வரும்போதெல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்தார். தட்டுச் சத்தம் கேட்டது. ஏழு நாற்பதுக்கு அவர் தட்டுத்தான் அந்தக் காலனிக்கு மணி.

சத்தமெல்லாம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது வேதவல்லி. ஒரு மாதம் கழிந்து, நாலு மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விசில் கேட்டுத் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முன்னறையில் எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெஜினாக்கா, இது என் குக்கர்" என்றாள். "எனக்குத் தெரியாதா, கேஸ்கட் தேஞ்சது, கடைசில ஒரு கரகரப்பு வருமே."

ரெஜினாவுக்கு முகம் செத்துவிட்டது. பிள்ளையின் சத்தம் மட்டும்தான் தன்னிடம் இருப்பதாக அவள் நினைத்திருந்தாள், ஊர்ச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. நான் வேணும்னு பண்ணல வேதா என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் குட்டையும் நெட்டையும் வந்தன, வேதவல்லி அப்படியே நின்றாள், அந்தக் கடைசி இழுப்பைக் கேட்டதும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவளும்தானே அந்தப் பிள்ளைக்கு எட்டு வருஷம் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவள், ரெஜினா ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போன காலத்தில்.

அன்றிலிருந்து நாலு மணி ஆனால் பதினேழாம் நம்பர் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்துவிடும். தாளித்த கடலையும் பொரியும் எடுத்துக்கொண்டு வந்து கதவுப் பலகையைச் சுற்றி உட்காருவார்கள். காத்தாயி தன் குரலைக் கேட்டுவிட்டு, "நான் இம்புட்டு நல்லாவா கூவுறேன், ஒருத்தரும் சொல்லலியே" என்று சிரித்து, சிரித்த கையோடு அழுதாள். சிலர் போனைக் கொண்டுவந்து பதிவு பண்ணிப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய்ப் போட்டால் பத்தொன்பது நொடி வெறும் காற்று. சவரிமுத்து மட்டும் மூன்றே முக்காலுக்கே சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவார், எல்லாரும் கலைந்த பிறகுதான் வருவார்.

திருப்பிக் கொடு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரெஜினா சண்டை போட்டிருப்பாள், சண்டை போட்டிருந்தால் மனசாவது லேசாகியிருக்கும். காலனிச் சங்கத்தில் கூடிப் பேசி, தம்பியோட வருஷப் பூசை வரைக்கும் அக்காகிட்ட இருக்கட்டும், அதுக்கப்புறம் பார்த்துக்கலாம், குக்கர் கத்தலைன்னு யாரும் பட்டினி கிடக்கல என்று முடிவு பண்ணிவிட்டார்கள். லத்தீப் பாய்தான் வந்து சொன்னார். "நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்கக்கா, தட்டு அடிக்க எனக்குக் கை வலிக்கல" என்றார். அவர் வலது மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றியிருந்தது, அதை அவளும் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். அது அவள் செய்த தப்பு, அவளே பின்னால் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஐந்தாம் மாதம், ஐப்பசி அடைமழை. காற்றும் மழையும் ஓடுகளின்மேல் கொட்டுகிற கொட்டில் லத்தீப் பாய் அடித்த தட்டு கேட்டுக்கு நாலு அடி தாண்டியும் கேட்கவில்லை. ரெஜினா லைனை ஒட்டிய அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். காத்தாயி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கூடையோடு லைனைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள், ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணி நழுவித் தண்டவாளத்துக்கு நடுவில் விழுந்தது, கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்தாள். ஏழு நாற்பது பாசஞ்சர் வளைவில் திரும்பியது.

ரெஜினா கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை, பெலிக்ஸ் என்றுதான் கத்தினாள் என்று வேதவல்லி சொல்கிறாள். காத்தாயி நிமிர்ந்தாள், நிமிர்ந்து, ரயிலைப் பார்த்து, பின்பக்கமாக விழுந்தாள். அவள் கால் இருந்த இடத்தில் எஞ்சின் போனது. கூடை போனது. சாக்கு போனது. இத்தனையும் மழைச் சத்தத்தில், வேறு ஒரு சத்தமும் இல்லாமல்.

ஆனால் ரெஜினா பார்த்தது வேறொன்று. எஞ்சின் ஜன்னலைத் தாண்டும்போது டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். புதுப் பையன், பெலிக்ஸ் வயசுதான் இருக்கும். வாய் முழுக்கத் திறந்திருந்தது, ஒரு கை பிரேக்கில், இன்னொரு கை ஹார்னை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தது. அவ்வளவு இழுத்தும் ஒரு சத்தமும் வராததைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் ஊத வேண்டிய ஊதல் அவளுடைய முன்னறையில் இருந்தது.

ரயில் கேட்டைத் தாண்டிப் போய் நின்றது, தாண்டிய இடத்திலிருந்து அந்த ஹார்ன் வெடித்துக்கொண்டு கேட்டது, அவன் இன்னும் கையை எடுக்கவில்லை. அப்புறம் இறங்கிவந்து ஜல்லியில் மழையோடு உட்கார்ந்துவிட்டான். லத்தீப் பாய் ஓடிப்போய், ஒண்ணும் ஆகலப்பா, அந்தப் பொம்பள உக்காந்து வெத்தலை போடுது பாரு என்று தோளைப் பிடித்து எழுப்பினார். "அம்மாகிட்ட பேசணும்" என்றான். அவர் தன் போனைக் கொடுத்தார்.

மறுநாள் நாலு மணிக்கு ரெஜினா எஞ்சினை எடுக்கவில்லை. காலனி வந்து பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லை போல என்று திரும்பிப் போனது. காத்தாயி மட்டும் புதுக் கூடையோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். முட்டியில் சிராய்ப்பு, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள்.

"ஏங்க்கா, இன்னிக்குத் தம்பிய ஓட்டலியா?" என்று கேட்டாள்.

ரெஜினாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காத்தாயி கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால நீ போய்ச் சேர்ந்திருப்பியேடி" என்றாள். காத்தாயி, "போகல இல்ல, விடு" என்றாள்.

அன்று ராத்திரி தூக்கம் எங்கே வந்தது. விடிந்ததும் தயாளனைக் கூப்பிட்டாள்.

"நகலெடுத்துக்க வழியே இல்லையா தம்பி? அங்கயும் இருக்கணும், இங்கயும் இருக்கணும். ஒரே ஒரு நகல் போதும்."

"நானும் பண்ணிப் பாத்துட்டேனுங்கம்மா, நீங்க அனுப்புனது எல்லாமே வெறுமையா இருக்குதுங்க. வேணும்னா வேற எஞ்சின் சத்தம் அனுப்பறேனுங்களே, நல்ல ஆல்கோ எஞ்சின், கேட்டா அப்படியே நெசம் மாதிரி..."

"வேற எஞ்சினுக்குச் சுடுதண்ணி வைக்கவா தம்பி நான் கேக்குறேன்?"

தயாளன் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் போனை வைத்தாள்.

எஞ்சினை லேப்டாப்பில் மாட்டினாள். இந்தத் தடவை எழுந்து போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தாள். முதலில் நகலெடு என்பதை அழுத்திப் பார்த்தாள், பத்தொன்பது நொடி காற்று வந்தது. பத்துத் தடவை அழுத்தினாள், பத்துத் தடவையும் காற்று. பிறகு நகர்த்து என்பதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். எங்கே என்று கேட்டது. டெஸ்க்டாப், பதிவிறக்கங்கள், பெலிக்ஸின் படங்கள் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'இருந்த இடத்துக்கே' என்று ஒரு வரி இருந்தது. போன தடவை அந்த வரி இருந்ததா, கண் தெரியாமல் விட்டுவிட்டோமா என்று அவள் யோசிக்கவில்லை. அதை அழுத்தினாள். திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்தது. இதைத் திரும்பப் பெற முடியாது, சரியா என்று கேட்டது. சரி என்று ஒரு பொத்தான், வேண்டாம் என்று ஒரு பொத்தான்.

ரெஜினா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காய்ச்சலில் நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி இங்கே கையெழுத்துப் போடுங்கம்மா என்றபோது எங்கே போட்டாள், என்னத்துக்குப் போட்டாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்து போட வேண்டும். அவன் ஒரு தடவை செத்தான், அது கடவுள் பண்ணியது, இன்னொரு தடவை என் கையாலா, பெத்த கையாலா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுவரில் மாதா படம் இருந்தது. மாதாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான்.

எஞ்சினைக் கழற்றி எடுத்துப்போய்த் தண்டவாளத்தில் வைத்து ஒரு தடவை ஓட்டினாள். கீரேய். விசில். காக்கா. தடக் தடக். குட்டை. நெட்டை. இழுப்பு. இன்னொரு தடவை ஓட்டினால் இன்னொரு தடவை கேட்கும், அப்புறம் இன்னொன்று, நாளைக்கு ஏழு நாற்பதுக்கு அந்தப் பையன் வாயைத் திறந்துகொண்டு மறுபடி வருவான். அவனுக்கும் எங்கேயோ ஒருத்தி உலை வைத்துக்கொண்டிருப்பாள். திரும்ப வந்து எஞ்சினை மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"சரியில்லப்பா" என்று திரையிடம் சொன்னாள். "ஒண்ணும் சரியில்ல. ஆனா அமுக்குறேன்."

சரி என்பதை அழுத்தினாள்.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. வேதவல்லி ஐயோ என்று கரண்டியைக் கீழே போட்டாள். வீட்டுக்கு வீடு குக்கர் கூவியது, எல்லாரும் அடுப்பை மறந்து வாசலுக்கு வந்தார்கள், முருங்கை மரத்தில் காக்காய்கள் ஐந்து மாசத்துக்கும் சேர்த்துக் கரைந்து தீர்த்தன. தெருமுனையில் காத்தாயி கீரேய் என்று ஆரம்பித்து, ஆரம்பித்தது வந்துவிட்டதால் பயந்து நிறுத்தி, மறுபடி சொல்லிப் பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பதினேழாம் நம்பர் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். கதவு சாத்தியிருந்தது. யாரும் போய்த் தட்டவில்லை, வேதவல்லி மட்டும் தன் வீட்டுக்குள்ளே போய் எரிகிற அடுப்பை அணைத்தாள், அவளைப் பார்த்து மற்ற வீட்டிலும் அணைத்தார்கள், அன்று அந்தக் காலனியில் மதியச் சோறு மூன்று மணிக்குத்தான்.

மறுநாள் ஏழு நாற்பது பாசஞ்சர் ஊதியது. வளைவிலேயே ஆரம்பித்து, காலனி முழுக்க, கேட் தாண்டும்வரை, சட்டத்தில் சொன்னபடி ஒரே நீளமாக ஊதியது. ஒரு குறையும் சொல்ல முடியாது, நல்ல ஊதல். லைனில் நின்ற இரண்டு பேர் ஒதுங்கினார்கள், லத்தீப் பாய் தட்டைக் கழுவி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ரெஜினா ஜன்னலில் நின்று முழுதும் கேட்டாள். இருந்த இடத்துக்கே எல்லாம் போய்விட்டது, குக்கர் குக்கருக்கு, காக்கா காக்காவுக்கு, ரயில் ரயிலுக்கு. அவன் கை இருந்த இடம் மட்டும் இல்லை, அதனால் அந்தக் குட்டையும் நெட்டையும் இழுப்பும் போய்ச் சேர ஒரு இடமும் இல்லை.

நாலு மணிக்கு அவள் எஞ்சினை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தாள். செருப்புகள் வரவில்லை, காலனிக்கு அவ்வளவு இங்கிதம் உண்டு. பொத்தானைத் திருகினாள், எஞ்சின் நகர்ந்தது, மோட்டார் முனகியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று. தீக்குச்சிக் கேட்டைத் தாண்டும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை. அறுபத்தொரு வயசுக்காரி, வாயைக் குவித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் செய்கிற மாதிரி, பூம் என்று ஒரு குட்டையும், பூஊஊம் என்று ஒரு நெட்டையும் ஊதினாள்.

சவரிமுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகவில்லை. சட்டை மாட்டியபடி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவள் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படி இல்ல" என்றார் அவர். "கடைசில இன்னும் கொஞ்சம் இழுப்பான்."

அவள் மறுபடி ஊதிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினார். உள்ளே வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எஞ்சின் சுற்றி வந்தது. சவரிமுத்து நாக்கை மேலண்ணத்தில் தட்டி, தடக் தடக், தடக் தடக் என்று ஆரம்பித்தார், முப்பத்தைந்து வருஷம் அந்த லைனில் நடந்தவர், தண்டவாள இணைப்பு வருகிற இடத்தில் சரியாக விட்டுவிட்டுத் தட்டினார், கண்ணிலிருந்து கொட்டியதை அவர் துடைக்கவில்லை. அவர் தட்டத் தட்ட அவள் ஊதினாள். குட்டை சரியாக வந்தது. நெட்டை சரியாக வந்தது. இழுப்பு வரவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து ஓட்டினார்கள்.